தரணேந்திரன் சார் பட்டினி போட்டு வளர்த்த செடிகள்

தரணேந்திரன் சார் இறந்த செய்தி கல்லூரியின் வாட்ஸ்அப் குழுவில்தான் முதலில் வந்திருக்கிறது. அந்தக் குழுவின் வாயை நான் எப்போதோ அடைத்துவைத்துவிட்டேன். அதனால் இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் எனக்கு அதைச் சொன்னவர், எங்கள் இரண்டு வீட்டுக்கும் பால் ஊற்றும் அம்மா. "பிசிக்ஸ் சாரு தவறிட்டாருங்க. ஹார்ட் அட்டாக்காம். உங்களுக்கு யாரும் சொல்லலியா?" என்றார். எனக்கு யாரும் எதையும் சொல்வதில்லை என்பதை அவரிடம் விளக்கி என்ன ஆகப்போகிறது? குழுவைத் திறந்து பார்த்தேன். பணிநிறைவு நாளில் எடுத்த படத்திலிருந்து அவர் முகத்தை மட்டும் வெட்டிப் போட்டிருந்தார்கள். ஓரத்தில் வேறு யாருடைய காதோ பாதி தெரிந்தது. அதன் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்.

அன்று பௌர்ணமி. இடையில் இருந்த செங்கம் சாலையில் வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். கிரிவலக் கூட்டத்துக்கு எதிராக நடந்து அவர் வீட்டுக்குப் போனேன்.

அவருக்கும் எனக்கும் மனக்கசப்பு இருந்தது என்பது, இதைப் படிக்கும் கல்லூரிக்காரர்கள் பலருக்குத் தெரியும். தாவரவியல் துறைத் தலைவர் பதவி எனக்கு வர வேண்டியது. என்னைவிட இளையவர் ஒருவருக்குப் போனது. பரிந்துரைக் குழுவில் இருந்த மூவரில் தரணேந்திரன் சாரும் ஒருவர். மற்ற இருவரும் அதன் பிறகு என்னைக் கண்டால் வராந்தாவின் மறுபக்கம் போய்விடுவார்கள். இவர் மட்டும் அன்று மாலையே என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சிறிய மண்தொட்டி. அதில் ரோஜாப்பூ அடுக்கில் தடித்த இலைகள் வைத்த செடி.

"நானும் கையெழுத்துப் போட்டேன் சார். அதை நானே சொல்லணும்னு வந்தேன்."

"ஏன் போட்டீங்க?"

அவர் தொட்டியைத் திண்டின் மேல் வைத்துவிட்டு, "தண்ணி ஜாஸ்தி வேணாம். உரம் இப்பத்திக்கு வேணவே வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தாவரவியல் படித்தவனுக்கு இயற்பியல்காரர் சொன்ன அறிவுரை. கையெழுத்தின் காரணத்தைச் சொல்வார் என்று அவர் ஓய்வுபெறும் வரை காத்திருந்தேன், அதற்குப் பிறகும் காத்திருந்தேன். அது வரவில்லை.

ஆனால் அவர் வருவது நிற்கவில்லை. என் வீட்டில் பேச்சு எப்படி இருந்தாலும் அதைப் பொருட்படுத்தாமல் செடிகளைப் பற்றிக் கேட்க வந்துவிடுவார். மொட்டைமாடி முழுக்க சக்குலென்ட், அதாவது இலையில் நீரைச் சேர்த்துவைக்கும் செடிகள், வளர்த்தார். ஒன்றைக்கூட விற்றதில்லை. உரம் வைப்பதில் அவருடைய கட்டுப்பாடுகள் தனி. சமணக் குடும்பம், எலும்புத் தூள் கிடையாது, மீன் கரைசல் கிடையாது. தண்ணீரில் கரையும் உரத்தைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் கால் பங்குதான் கலப்பார். முதலில் வெறும் தண்ணீரால் மண்ணை நனைத்து, பிறகுதான் உரத்தண்ணீர். காய்ந்த வேரில் உரம் பட்டால் கருகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கோடையில் ஒரு சொட்டும் இல்லை. வெயில் உக்கிரத்தில் இந்தச் செடிகள் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு தூங்கும். "பசிக்காத வாய்ல ஊட்டறதும் இம்சைதான் சார்" என்பார். அவர் சொன்னவற்றில் நான் மறுக்காத வெகுசிலவற்றில் இது ஒன்று.

இன்னொரு விதியும் வைத்திருந்தார். பொழுது சாய்ந்தபின் உரம் வைக்க மாட்டார். அவர்கள் வீட்டில் இருட்டிய பிறகு யாரும் சாப்பிடுவதில்லை. செடிகளுக்கும் அதே சட்டம். ஒருநாள் நான் அதைக் கிண்டல் செய்தேன். இந்த வகைச் செடிகள் ராத்திரியில்தான் இலைத்துளைகளைத் திறந்து காற்றை உள்ளே இழுக்கும், உங்கள் நோன்பை அவை மதிப்பதில்லை என்றேன். அவர் தொட்டியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"அப்போ இதுங்க உங்க கட்சி சார். எல்லாரும் தூங்கினப்புறம் முழிச்சிக்கினு எதையாவது உள்ள இழுத்து வெச்சிக்கிறது."

சிரித்துவிட்டேன். சிரித்ததற்காக என் மேலேயே எரிச்சல் வந்தது. விடாமல் இன்னொன்றும் சொன்னார்: "செடிக்குக் கம்மியாத்தான் வைக்கறீங்க. உங்க கோவத்துக்குத்தான் மூணு வேளையும் உரம்." கையெழுத்துப் போட்டவருக்கு அப்படிச் சொல்ல உரிமை இல்லை என்று அன்றும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

தகனம் முடிந்த மூன்றாம் நாள் காலை மறுபடி போனேன். வாசலில் ஏறும்போதே ஊறின புண்ணாக்கு வாடை. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த அவருடைய அண்ணன், பெரிய வாளியோடு மாடியிலிருந்து இறங்கி வந்தார். கடலை விளையும் ஊர்க்காரர். வெயில் நூறைத் தாண்டும் சித்திரையில், தூங்கும் செடிகள் அத்தனைக்கும் கடலைப் புண்ணாக்கு ஊறிய தண்ணீரை ஊற்றிவிட்டிருந்தார். கொழுத்த இலைகள் இன்னும் ஊதி வெடிக்கும், வேர் அழுகும், ஒரு வாரத்தில் எல்லாம் கூழாகிவிடும்.

"ஐயா, இதுக்கு இது ஆவாதுங்க."

"மல்லாட்டப் புண்ணாக்கு சார்! தென்னைக்கே ஆவுது, இதுக்கு ஆவாதா? தம்பி புள்ள மாதிரி வளத்தான். மூணு நாளா யாரும் ஒண்ணும் ஊத்தல, பாவம் பட்டினி கெடக்குது." அவர் கண் கலங்கியிருந்தது.

எல்லாத் தொட்டியையும் உடனே கவிழ்த்து, வேரைக் கழுவி, நிழலில் காயவைக்க வேண்டும் என்றேன். கூடத்தில், எனக்குப் பதிலாக வந்த அந்த இளைய துறைத் தலைவர் உட்கார்ந்திருந்தார். "சார், துக்க வீட்ல இதெல்லாம் இப்ப அவசியமா?" என்றார்.

"நீங்கதான் தாவரவியல் தலைவர். நீங்களே சொல்லுங்க, விடலாமா?"

அவர் கைபேசியை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். சுற்றியிருந்தவர்கள் என்னை முறைத்தார்கள். பழைய பகையைச் சாவு வீட்டில் வந்து தீர்க்கிறான் என்று நினைத்திருப்பார்கள். அப்போது உள்ளேயிருந்து சாரின் மனைவி பத்மாவதி அம்மா வந்தார்.

"அவரு இருந்தா என்ன பண்ணுவாரு சார்?"

"கவுத்துடுவாரும்மா."

"அப்ப கவுத்துடுங்க. அவரு வெச்சிட்டுப் போனதுல உசுரோட இருக்கறது இதுங்கதான். பெரியவரே, நீங்களும் கூடப் போங்க."

மாடியில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரில் குந்தினார். முதல் தொட்டியைக் கவிழ்த்தபோது, "நல்லதுன்னுதான் சார் செஞ்சேன்" என்றார். தெரியும் என்றேன்.  நான் வேர்களைக் கழுவிக் கொடுத்தேன். அவர் பழைய நாளிதழ் விரித்து, மாடிப்படிக் கூரையின் நிழலில், பிள்ளைகளைப் படுக்கவைப்பதுபோல ஒவ்வொன்றாக வைத்தார். சில செடிகள் போய்விட்டன. பெரும்பாலானவை பிழைத்து, புது மணலில் இப்போது நிற்கின்றன.

அதற்குப் பிறகு அண்ணன் அடிக்கடி போன் செய்கிறார். "இப்பவாச்சும் கொஞ்சம்..." என்று இழுப்பார். மழை பிடிக்கட்டும், புது இலை விடட்டும் என்பேன். "நீங்களும் தம்பி மாதிரியே கஞ்சன் சார்" என்று வைத்துவிடுவார்.

போன ஞாயிறு தொட்டிகளைப் பார்த்துவிட்டு இறங்கியபோது, பத்மாவதி அம்மா காபி கொடுத்தார். அந்தக் கையெழுத்தின் காரணம் அவருக்குத் தெரிந்திருக்கக்கூடும். கேட்கவும் வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"உங்களுக்கு அவரு மேல வருத்தம் இருந்துச்சு இல்ல சார்?"

"இன்னும் இருக்குதும்மா."

அவர் கோபப்படவில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டு, "இருக்கட்டும் சார். அதுக்காகவாச்சும் வருவீங்க" என்றார்.

நான் எதையும் கேட்காமல் எழுந்து வந்துவிட்டேன். தரணேந்திரன் சாரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியவை, தீராத ஒரு வருத்தமும், ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு மாடியேறும் வேலையும்தான். இரண்டையும் நான் வைத்துக்கொள்கிறேன்.