டோராய் அக்கா மிச்சம் வைத்திருந்த கோயில்

மைக்கைக் கையில் எடுத்துவிட்டால் டோராய் அக்காவுக்கு நானூறு வருஷமும் நேற்று நடந்த மாதிரிதான். "இந்தக் கோயில நெருப்பு தின்னுச்சு, பூகம்பம் தின்னுச்சு, சண்டையில குண்டு தின்னுச்சு. மிச்சத்தக் கரையான் தின்னுக்கிட்டிருக்கு. நீங்களும் உண்டியல்ல போடாமப் போனா அது பாவம் என்னதான் பண்ணும்?" என்பாள். பஸ்ஸே சிரிக்கும். மணிலாவின் பழைய மாதா கோயில்களைச் சுற்றிக் காட்டுவது அவள் வேலை. பஸ் ஓட்டுவது என் வேலை. அவளிடம் திட்டு வாங்குவதும் என் வேலைதான், அதற்குத் தனியாகச் சம்பளம் கிடையாது.

எங்கள் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. அதுவரை நுழையாத கோயிலின் வாசற்படியை முதன்முதலாகத் தாண்டும்போது என்ன கேட்கிறோமோ அது கிடைக்கும். ஒரு கோயிலுக்கு ஒரே ஒரு தடவை. தாண்டின பிறகு ஐயோ தப்பாகக் கேட்டுவிட்டேனே என்று மாற்ற முடியாது. தொண்டோ துறைமுகச் சந்தில் பிறந்த டோராய் அக்கா, கல்யாண வயதுக்குள் ஊரிலுள்ள கோயில்களையெல்லாம் வாரி இறைத்துவிட்டாள். ஒன்றில் தையல் மெஷின் கேட்டாள். ஒன்றில் எதிர்வீட்டு எபிஃபானியோவைக் கேட்டாள், கிடைத்தான். அடுத்ததில் அவன் சேவல் சண்டையை விடவேண்டும் என்று கேட்டாள். சேவல் செத்தது, அவன் வேறு சேவல் வாங்கினான். கடைசியில் புருஷனும் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு மிச்சமிருந்தது ஆற்றோரத்து சந்தா எலேனா கோயில் மட்டும்தான்.

அதற்குள் அவள் கால் வைத்ததே இல்லை. வழிகாட்டி வேலைக்கு வந்த பிறகும் வாசலில் குடையோடு நின்று, உள்ளே கூரையில் இருக்கிற, சிறகு வைத்த சம்மனசுகளின் கன்னச் சிவப்பு வரைக்கும் வர்ணிப்பாள். பயணிகள் உள்ளே போவார்கள், இவள் வெயிலில் நிற்பாள்.

"கருமி" என்பேன் நான்.

"போடா, கார்டிங். ஆத்திர அவசரத்துக்குன்னு ஒண்ணாவது கையில இருக்கணும்."

அந்த அவசரம் அவள் மகள் நெரிசா. கடல் தாண்டித் தாவாவோவில் வாழ்க்கைப்பட்டவள். முதல் பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை. அப்போது இவளுக்கு வேண்டுதல் ஞாபகமே வரவில்லை, யார் நினைத்தார்கள் அப்படி ஆகுமென்று! இரண்டாவது முறை வலி எடுத்த சேதி வந்ததும் சந்தா எலேனாவுக்கு ஓடினாள். பழுதுபார்க்கப் பூட்டியிருந்தார்கள். அந்தக் குழந்தையும் போயிற்று. பூட்டிய கதவை அவள் செருப்பால் அடித்ததை நான் பார்த்தேன்.

மூன்றாவது முறை அவளுக்கு வலி எடுத்தது புனித வெள்ளிக்கு முதல் நாள், இந்தப் பெரிய வியாழன் விடியற்காலையில். ஏழு கோயில் சுற்றுகிற நாள். பஸ் நிறைய ஆட்கள், ஊர் நிறைய நெரிசல். ஏறும்போதே சொன்னாள், "கார்டிங், மொதல்ல சந்தா எலேனாவுக்கு விடு."

"ஆத்து ரோட்ட மத்தியானம் வரைக்கும் அடைச்சிருக்கான் போலீஸ்காரன். பறந்தா போகச் சொல்ற?"

"வாயில வசம்ப வெச்சுத்தான் தேய்க்கணும் உனக்கு!"

காலை முழுக்க அவள் குட்டி போட்ட பூனைதான். ஓட்டுகிற எனக்கே நிம்மதியில்லை. மைக்கில் ஒரு கோயில் கதையை இன்னொரு கோயிலில் சொன்னாள். மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களைக் கோழியை ஓட்டுகிற மாதிரி பஸ்ஸுக்கு ஓட்டினாள். போனை எடுப்பாள், பார்ப்பாள், பைக்குள் போடுவாள், திரும்ப எடுப்பாள். மருமகனிடமிருந்து சத்தமே இல்லை.

ஆறாவதாகச் சந்தா எலேனாவுக்குப் போய்ச் சேர்ந்தோம். எல்லாரும் இறங்கினார்கள். அக்கா முகம் துடைத்து, தலை வாரி, பையை என்னிடம் கொடுத்தாள். "உள்ள போறப்ப போன் அடிச்சித் தொலைச்சா மனசு கலைஞ்சிடும். நீயே வெச்சிரு." இரண்டு படி ஏறியிருப்பாள்.

"ஐயோ, மாமாவக் காணோம்!"

பயணிகளில் சிக்ஸ்டோ என்று ஒரு பெரியவர், மருமகளோடு வந்திருந்தார். கப்பலில் சமையல்காரராக உலகம் பூராவும் சுற்றியவர், இப்போது ஞாபகம் தப்பி வீட்டுக்குள்ளேயே வழி தெரியாதவர். மருமகள்தான் தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள். வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு கிழவர் ஆற்றுப் பக்கம் போனார் என்று மெழுகுவர்த்திக்காரி சொன்னாள். அந்தப் படித்துறைக்குக் கைப்பிடிச் சுவரே இல்லை.

டோராய் அக்கா குடையை எறிந்துவிட்டு ஓடினாள். படித்துறையில் இல்லை. படகுத்துறையில் இல்லை. மூச்சிரைக்கத் திரும்பி வந்தவள், கோயிலின் பக்கவாட்டுக் கதவு திறந்திருப்பதைக் கண்டு அப்படியே உள்ளே பாய்ந்தாள். பாயும்போது வாய்விட்டுக் கத்தினாள்.

"சாமி, அந்தக் கெழவன் கெடைக்கணும்!"

பின்னால் ஓடிவந்த எங்கள் எல்லார் காதிலும் விழுந்தது.

கிழவர் உள்ளேதான் இருந்தார். ஒரு தூணுக்குப் பின்னால், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, சமர்த்தாக. அக்கா அவர் கையைப் பிடித்து பஸ்ஸுக்கு அழைத்துவந்து உட்காரவைத்தாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பஸ் படியிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

"போச்சுடா. எம் பொண்ணுக்குன்னு வெச்சிருந்தத யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டேன். பாவி, நான் பாவி."

"சாமிக்குத் தெரியாதாக்கா?"

"கேட்டத்தானடா குடுப்பாரு! நான் கெழவன்னு கேட்டேன், கெழவனக் குடுத்தாரு. ஆச்சு!"

அவள் மாரில் அடித்துக்கொண்டு அழுததைப் பார்க்க முடியவில்லை. சிக்ஸ்டோ, மருமகள் கொடுத்த வாழையிலைக் கொழுக்கட்டையைப் பிரித்துத் தின்றுகொண்டே ஆரம்பித்தார்.

"இந்தக் கோயில் எனக்குப் புதுசும்மா. உள்ள கால வெக்கப் போறப்பவே எந்த பஸ்ஸுல வந்தேன்னே மறந்துபோச்சு. வாசப்படியத் தாண்டுறப்பவே கேட்டுக்கிட்டேன், தெரிஞ்ச மொகமா ஒண்ண அனுப்புன்னு. ஒன்ன அனுப்பிட்டாரு."

அக்காவின் அழுகை பாதியில் நின்றது.

"நீங்க எப்பக் கேட்டீங்க? நான் வர்றதுக்கு முந்தியா?"

"முந்திதான். நீ அப்புறந்தான வந்த?"

அவள் எழுந்தாள். வீங்கிய கண்ணோடு என் சட்டையைப் பிடித்தாள். "கார்டிங், கேட்டுக்கோ. இவரு கேட்டாரு, அதுக்குத்தான் சாமி என்னைய அனுப்பினாரு. அப்ப கெழவன் கெடைச்சது இவரு வேண்டுதலால. என்னோடது? என்னோடது அப்படியே கெடக்குதுல்ல?"

"ஆமாக்கா" என்றேன். வேறு என்ன சொல்வேன்!

சந்தையில் மீன்காரனிடம் சண்டைக்குப் போகிறவளைப் போல விறுவிறுவென்று உள்ளே போனாள். வண்டியை எடு என்று போலீஸ்காரன் விசில் ஊதினான். அந்நேரம் பார்த்து என் மடியிலிருந்த பையில் போன் அடித்தது. மருமகன். போலீஸ்காரனாவது ஒன்றாவது என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

அக்கா பீடத்துக்கு எதிரே இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். "ஏமாத்தாதேயும். ரெண்டு பேரும் ஒண்ணத்தான் கேட்டோம். ஒண்ணுதான் குடுத்திருக்கீரு. இன்னொண்ணு எங்க?" முழந்தாளில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"அக்கா, போன்."

அவள் பின்வாங்கினாள். "நீ எடு. எனக்குக் கை வரல."

எடுத்தேன். ஹலோ என்றேன். பேச்சுக் குரல் இல்லை.

"என்னடா? சொல்லித் தொலையேன்டா."

"அழுவுது."

"யாரு, நெரிசாவா?"

"கொழந்தக்கா. காது கிழியுது."

போனைப் பிடுங்கினாள். காதில் வைப்பாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. கையை உயர்த்திப் பீடத்துக்கு நேரே நீட்டினாள். அந்தச் சின்ன அழுகை கோயிலுக்குள் கேட்டது.

"கேக்குதா?" என்றாள்.