எலுமிச்சை உப்பு போடாத பாட்டில்

கச்சிராயபாளையத்தில் எங்கள் வீட்டிலேயே நன்னாரி சர்பத் காய்ச்சி விற்றோம், நானும் என் வீட்டுக்காரரும். கல்வராயன் மலைக்குப் போய் வேர் வாங்கி வருவது அவர். பாகு காய்ச்சுவது நான். இறக்கும்போது எலுமிச்சை உப்பு போடுவதும் நான்தான். என் அடுப்பில் இன்னொரு கை பட்டால் எனக்குப் பொறுக்காது. அந்த உப்பை மளிகைக் கடையில் சிட்ரிக் ஆசிட் என்று கேட்டால் சர்க்கரை போலவே வெள்ளையாகத் தருவார்கள். பாகுக்குப் புளிப்பு கொடுக்கும், சீக்கிரம் கெட விடாது, கரைந்த சர்க்கரை மறுபடி கல்லாக உறையாமல் பார்த்துக்கொள்ளும். அவர் எப்போதாவது அதை ஈரக்கையால் எடுத்துக் கட்டிதட்ட வைத்துவிடுவார். எத்தனை முறை திட்டியிருக்கிறேன்.

போன வருஷம் அவர் வாயில் புற்றுக் கட்டி வந்தது. பெரியாஸ்பத்திரியில் கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சு வைத்தியத்தை அப்படித்தான் சொல்வோம். வாயெல்லாம் புண். புளிப்பு, காரம் இரண்டும் ஆகாது என்று நர்ஸம்மா சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார். கஞ்சியைக் கண்டாலே அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒரு மத்தியானம் அவராகவே வாய் திறந்து கேட்டார்.

"நன்னாரி இருந்தா கொஞ்சம் குடேன். ஜில்லுனு இருக்கும்."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பழைய பாட்டில் எதற்கு என்று புதிதாகவே காய்ச்சினேன். ஆற வைத்து, பானைத் தண்ணீரில் கலந்து நீட்டினேன். ஒரு வாய் குடித்தவர் அப்படியே கண்ணை மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நீங்க கேட்டீங்கன்னுதான செஞ்சேன்? இப்ப இன்னாத்துக்கு மூஞ்சியத் திருப்பிக்கினு இருக்கீங்க?"

"நல்லாத்தான் இருக்கு. அப்பறமா குடிச்சிக்கிறேன்" என்றார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துப்பவில்லை, விழுங்கிவிட்டார்.

டம்ளரை வாங்கி ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். புளித்தது. இருபது வருஷப் பழக்கத்தில் கை அதுபாட்டுக்கு அந்த உப்பைப் போட்டிருக்கிறது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. நாக்கில் வைத்துப் பார்க்காமல் அவரைத் திட்டியவள் நான்.

அன்றைக்கே அந்த உப்பில்லாமல் இன்னொரு பாகு காய்ச்சினேன். டம்ளரைக் கொண்டுபோனதும் அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"புளிப்பே இல்லங்க. சத்தியமா."

"வாணாம்."

நாளைக்குத் தருவோம் என்று அந்தப் பாகைப் பாட்டிலில் ஊற்றி வைத்தேன். மறுநாளும் வேண்டாம் என்றார். அதற்கப்புறம் அவர் எதையுமே கேட்கவில்லை. ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

அந்தப் பாட்டில் இன்னும் அலமாரியில் இருக்கிறது. எலுமிச்சை உப்பு இல்லாததால் பாகு அடியிலிருந்து உறைந்து பாதிக்கு மேல் கல்லாகிவிட்டது. சுடுதண்ணீரில் வைத்தால் கரைந்துவிடும் என்கிறாள் மகள்.

எனக்குத் தெரியாதா. கரைத்து யாருக்குக் கொடுப்பேன்?