பதினொன்றாம் எண் சட்டை

எழுத்துப்பிழையைப் பார்த்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். தேசியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் தி. நகர் அலுவலகத்தில் என் வேலையே அதுதான்: மாநிலச் சங்கங்கள் அனுப்பும் பெயர்ப்பட்டியல்களைச் சரிபார்ப்பது, தேசிய அணிகளின் பட்டியலைத் தட்டி அனுப்புவது. தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஊர்ப் பெயரைப் போட்டவர்களையெல்லாம் போனிலேயே வறுத்தெடுத்திருக்கிறேன். அதனால் இந்தத் தப்பைச் செய்தது நான்தான் என்று எழுதக் கை கூசுகிறது.

எங்கள் அலுவலகத்தில் யாரும் புதிதாகப் பட்டியல் தயாரிப்பதில்லை. அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் அசைந்தால் மொத்தமும் கோணிக்கொள்ளும். ஆகவே போன வருடக் கோப்பைத் திறந்து, பழைய பெயரின் மேலேயே புதிய பெயரைத் தட்டிவிடுவோம். நான்கு முதல் பதினைந்து வரை பன்னிரண்டு எண்கள், பன்னிரண்டு பேர். சட்டை எண் நான்கில் தொடங்குவது கூடைப்பந்தின் பழைய வழக்கம். விதி மாறியும் நாங்கள் அதை விடவில்லை.

பெண்கள் அணியில் போன வருடம் பதினொன்றாம் எண்ணில் ஆடியவள் திருவான்மியூர்க்காரி. மழைக்காலத்தில் டெங்கு வந்து, ஒரே வாரத்தில் இறந்துபோனாள். அந்த இடத்துக்கு இந்த முறை தேர்வானவள் கோட்டூர்புரம் குடியிருப்பில் வளர்ந்த பெண். விளையாட்டு ஒதுக்கீட்டில் அவளுக்கு ஓர் அரசு வேலை கையெட்டும் தூரத்தில் இருந்தது. நாட்டுக்காக ஆடிய சான்றிதழ் மட்டும்தான் பாக்கி. அடுத்த வருடம் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள்.

பட்டியலை அனுப்பினேன். அதில் உள்ள மின்னஞ்சல் முகவரிகளுக்குக் கணினியே முகாம் அழைப்பை அனுப்பிவிடும். மறுநாள் காலை பதில்கள் வந்திருந்தன. வருகிறேன் என்று ஒரு வரி, ஷூ அளவு, சட்டை அளவு. எண்ணினேன், பன்னிரண்டு இருந்தன. அப்படியே சட்டை அச்சடிப்பவருக்கு அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

முகாமுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சட்டைகள் வந்தன. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக மேசையில் விரித்தேன். பதினொன்றாம் எண்ணின் முதுகில் இறந்தவளின் பெயர் இருந்தது.

கோப்பைத் திறந்து பார்த்தேன். பதினோரு பெயர்களின் மேல் புதுப் பெயர் தட்டியிருந்தேன். ஒன்றை மட்டும் விட்டிருந்தேன். அது என் கவனக்குறைவு, அதற்கு நான் திட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அவளுக்குப் போன அழைப்புக்கு எப்படிப் பதில் வரும்? தேடினேன். அவள் முகவரியிலிருந்தே வந்திருந்தது. ‘வருகிறேன் மேடம். ஷூ எட்டு. சட்டை மீடியம்.’

வெளியே நல்ல வெயில். கீழே துணிக்கடை ஆள் ஒலிபெருக்கியில் கூட்டத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் எண்ணுக்குப் போன் போட்டேன். எடுத்தார்கள். ஆனால் பேசவில்லை. தரையில் யாரோ நிதானமாகப் பந்து தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிட்டேன்.

செயலாளர் என்னைத் திட்டவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. இறுதிப் பட்டியலில் ஒரு பெயரை மாற்ற வேண்டுமானால் விலகல் படிவம் வேண்டும், அதில் வீட்டார் கையெழுத்து வேண்டும், முகாம் தொடங்கும் நாளுக்குள் வேண்டும் என்று மட்டும் சொன்னார். இதற்கிடையில் கோட்டூர்புரத்துப் பெண் தினமும் போன் செய்து, தன் பேர் லிஸ்டில் இருக்கிறதா என்று கேட்டாள். வரும்மா, வரும் என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

மதிய வேளையில் திருவான்மியூர் போனேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மாடியில் ஓர் அறையும் சமையல்கட்டும். அவளுடைய அம்மா மட்டும்தான் இருந்தார். கதவோரம் விளையாட்டுப் பை தயாராக இருந்தது. ஜன்னலில் வெள்ளை ஷூ கழுவிக் காயவைத்திருந்தது. பந்து வலைப்பையில் ஆணியில் தொங்கியது. நான் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பதில் போட்டது அவரா என்றும் கேட்டேன்.

“நான் போடலமா. அவ போனை சார்ஜ் போட்டு வெச்சிக்கினு கீறேன், அவ்ளோதான்.”

பந்துச் சத்தத்தைப் பற்றிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவராகவே, சாயங்காலமானால் ஏன் பந்து தட்டுகிறீர்கள் என்று கீழ்வீட்டார் சண்டைக்கு வருவதாகச் சொன்னார். ஆணியில் தொங்கிய பந்தை இருவரும் பார்த்தோம்.

படிவத்தை நீட்டினேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

“அவ எதுலருந்தும் விலகுனவ இல்ல. நீங்க கூப்டீங்க, அவ வருவா.”

மயிலாப்பூரில் ஒரு பள்ளி மைதானத்தில் முகாம் தொடங்கியது. கோட்டூர்புரத்துப் பெண்ணிடம் அதற்குள் உண்மையைச் சொல்லியிருந்தேன். அவள் அழவில்லை. வந்து நின்னா தப்பா மேடம் என்று மட்டும் கேட்டாள். சுவரோரமாக நின்றாள். அவள் ஷூவின் முன்பக்கம் வாயைப் பிளந்திருந்தது. சற்று நேரத்தில் திருவான்மியூர் அம்மாவும் தோளில் மகளின் பையோடு வந்து சேர்ந்தார்.

முதல் நாள் எல்லோரும் எண் வரிசையில் நின்று தங்கள் எண்ணைச் சொல்ல வேண்டும். நான்கு, ஐந்து என்று குரல்கள் வந்தன. பத்துக்குப் பிறகு ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள், யாரும் சொல்லாமலே. அங்கே அமைதி. பன்னிரண்டாம் எண்காரியும் வாய் திறக்கவில்லை. காத்திருந்தாள். எல்லோரும் காத்திருந்தார்கள். யாராவது அந்த எண்ணைச் சொல்லிவிடப் போகிறார்களே என்று எனக்குப் பயமாக இருந்தது. யாரும் சொல்லாமலே போய்விட்டால் என்ன செய்வது என்று அதைவிடப் பயமாக இருந்தது.

அந்த அம்மா கோட்டூர்புரத்துப் பெண்ணின் கால்களைப் பார்த்தார்.

“உன் சைஸ் இன்னா?”

“எட்டு.”

அவர் பையைத் திறந்து ஷூவை எடுத்துக் கொடுத்தார். அவள் அங்கேயே உட்கார்ந்து மாட்டிக்கொண்டு போய் அந்த இடைவெளியில் நின்றாள். ஆனால் எண்ணைச் சொல்லாமல் அந்த அம்மாவையே பார்த்தாள்.

“பதினொண்ணு,” என்றார் அம்மா, சுவரோரத்திலிருந்து.

“பன்னெண்டு,” என்றாள் அடுத்தவள்.

பிறகு அந்த அம்மா என்னிடம் வந்து விலகல் படிவத்தைக் கேட்டார். காரணம் என்ற கட்டத்தில் ‘காயம்’ என்று எழுதினார். எப்போது திரும்புவார் என்ற கட்டத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டார். காலிக் கட்டத்தோடு வந்த படிவத்தை நான் அதுவரை யாரிடமும் வாங்கியதில்லை. இதை வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பெண் ஆடினாள். முதுகில் இருந்த பெயரின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தோம், வியர்வையில் அது அடிக்கடி கழன்றது. பிறகு போட்டிக்கு வேறு சட்டை வந்தது, சான்றிதழ் வந்தது, வேலையும் கிடைத்தது. இனிப்புப் பெட்டியோடு அலுவலகம் வந்தாள். அப்போதும் அதே ஷூவைத்தான் போட்டிருந்தாள்.

காயம் என்று விலகியவர்களுக்கு ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் கணினி தானாக ஒரு கடிதம் அனுப்பும்: குணமாகிவிட்டதா, முகாமுக்கு வர முடியுமா? அந்தப் பெயரை நான் அதிலிருந்து நீக்கியிருக்கலாம். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அழுத்தவில்லை. இந்த வருடமும் கடிதம் போனது.

மறுநாள் காலை பதில் வந்திருந்தது.

‘இன்னும் இல்லை மேடம்.’