ஊசிக்கு அடங்காத நோய் என்றார்கள்

அம்மனை நம்பும் சொந்தங்களே, 2007இல் நான் பயந்த பயத்தை உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

என் கணவர் இலங்கையில் கித்துல்கலை ஊருக்கு மேலே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். புரஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். ஆண் ஹோர்மோனை அடக்க மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. நோயும் அடங்கித்தான் இருந்தது. அந்த முறை இரத்தத்தைச் சோதித்தபோது நோயின் அளவு மறுபடி ஏறியிருந்தது.

டொக்டர் சிங்களத்தில் சொன்னார். எனக்குத்தான் சிங்களம் நன்றாகத் தெரியுமே, ஒரு சொல்லும் தப்பவில்லை. செல்கள் கண்டபடி பெருகாமல் தடுக்கிற மரபணு உடம்பில் இருக்கிறதாம். நோய் பிடித்த இடத்தில் அது சிலருக்கு அழிந்துபோகுமாம். பிறகு ஊசிக்கு நோய் அடங்காதாம். இவருக்கும் அப்படித்தான் போலிருக்கிறது, அடுத்த வாரம் கடுமையான மருந்து தொடங்குவோம் என்றார்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. இவர் இருமினாலே நெஞ்சு பதறியது. இவர் போய்விட்டால் நான் என்ன செய்வேன்?

வெள்ளிக்கிழமை இவரோடு தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போய் விழுந்து கத்தினேன்.

"தாயே, திருவிழாவுக்கு ஒனக்குக் காப்புக் கட்டி விரதம் இருந்த மனுசன்தானே! ஒரு வழிய காட்டு, என்னால தாங்க முடியல!"

பக்கத்தில் நின்ற இவர் முகம் செத்துவிட்டது.

"சரசு, கத்தாத. போன தடவ நா ஊசி போடல."

"என்னாங்க சொல்றீங்க?"

"காப்பு கட்டிட்டா தோட்டத்து எல்லைய தாண்டக்கூடாதே. கிளினிக் நாளும் அதுக்குள்ள வந்திருச்சு. நீ மக பிரசவத்துக்கு கரவனெல்ல ஆஸ்பத்திரில இருந்த. ஒங்கிட்டயும் டொக்டர்கிட்டயும் போட்டாச்சுன்னு சொல்லிட்டேன்."

எனக்குக் கோபம் வந்ததா, உயிர் வந்ததா தெரியவில்லை. சாமி முன்னாலேயே திட்டித் தீர்த்தேன்.

டொக்டரிடம் ஓடினோம். அவரும் திட்டினார். ஹோர்மோனைச் சோதித்துவிட்டு, ஊசி தப்பியதால்தான் நோய் ஏறியது என்றார். அன்றே ஊசி போட்டார்கள். அடுத்த பரிசோதனை வரும்வரை பயந்து செத்தேன். நோய் இறங்கியிருந்தது!

முற்றாகக் குணம் என்று பொய் சொல்ல மாட்டேன். டொக்டர் சொன்னது ஒருநாள் நிஜமாகவும் நடக்கலாம். ஒவ்வொரு கிளினிக்குக்கும் இப்போது நானே கூடப் போகிறேன். ஆனாலும் அன்றைக்கு இவர் வாயைத் திறக்க வைத்தவள் அந்தத் தாய்தான். பயந்து கிடப்பவர்களே, அவளிடம் போய் அழுங்கள். டொக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள்.

அடுத்த திருவிழாவுக்கு இவர் காப்புக் கட்டவில்லை. அன்றும் கிளினிக் நாள்; காலையில் ஊசி போட்டுக்கொண்டு, தேர் புறப்படும் நேரத்துக்கு வந்து சேர்ந்து வடம் பிடித்தார். அம்மன் எங்களைக் கோபிக்கவில்லை.