இரண்டாவது தடவை மேட்டுக்குப் போனது

வின்டர்தூர் நகரில் கல்லூரி மாணவர்களின் பேஸ்பால் அணியில் பதினொரு வருடங்கள் பந்தெறியும் பயிற்சி கொடுத்தேன். இதைச் சொன்னால், "கிரிக்கெட்டை விட்டிட்டு உதென்ன விளையாட்டு?" என்றுதான் இங்குள்ள எங்கள் தமிழ் ஆட்கள் கேட்பார்கள். என்ன விளையாட்டோ, என் முதல் வேலை பந்தெறிகிறவனின் கையைக் காப்பாற்றுவது. எறியச் சொல்லிக் கொடுப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஓர் ஆட்டத்தில் ஒருவர் தொண்ணூறு பந்துகளுக்கு மேல் எறியக்கூடாது என்பது எங்கள் கழக விதி. எண்ணித் தாளில் எழுதுவது நான். ஆனால் அந்தத் தாளில் ஆட்டப் பந்துகள் மட்டுமே ஏறும். கையைச் சூடாக்க ஓரமாக நின்று எறிகிற பந்துகளுக்கு அதில் இடமே இல்லை. இத்தனை வருடம் நானும் வாயை மூடிக்கொண்டு அந்த முட்டாள் தாளை நிரப்பிக் கொடுத்தேன் என்று நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

இறுதி ஆட்டத்தன்று மழை மூன்று தடவை ஆட்டத்தை நிறுத்தியது. விட்ட ஒவ்வொரு தடவையும் எங்கள் பந்தெறிபவன் மறுபடி கையைச் சூடாக்கினான். எங்கள் ஆட்களின் பிள்ளை, இயந்திரப் பொறியியல் கடைசி வருடம். கடைசி இன்னிங்ஸுக்கு வரும்போது தாளில் எழுபத்தொன்று. கை எறிந்தது அதைப்போல இரண்டு மடங்கு. ஒரு ஓட்டம் முன்னிலையில் இருந்தோம். எறியும்போது அவன் முழங்கை தோளுக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

ஆளை மாற்றுவோம் என்று தலைமைப் பயிற்றுநரிடம் சொன்னேன். அவர் தாளைத் தட்டிக் காட்டினார். "இன்னும் பத்தொன்பது இருக்கிறதே" என்றார், என்னவோ அவன் கைக்குள் பந்துகளை அடுக்கி வைத்திருப்பதுபோல.

அவன் நின்று எறிகிற மேட்டுக்குப் போனேன். மற்ற அணிக்கு விளங்கக்கூடாது என்று அங்கே நாங்கள் தமிழில்தான் கதைப்போம்.

"முழங்கை நோகுதோ?"

"கொஞ்சம் இழுக்குது அண்ணை."

"விரல்?"

"சின்ன விரல் விறைச்சுப் போச்சு. அவரிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ. முடிச்சிட்டு வாறன்."

சின்ன விரல் விறைத்தால் முழங்கை நரம்பு நசுங்குகிறது என்று அர்த்தம். திரும்பி வந்து சொல்லத்தான் செய்தேன். "அவனே முடிக்கிறேன் என்கிறான், உனக்கு என்ன?" என்றார் தலைமைப் பயிற்றுநர். எனக்கு என்னவா? ஒரு தகரக் கோப்பைக்காக ஒரு பிள்ளையின் கையைப் பலி கொடுப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கவா என்னை வைத்திருந்தார்கள்?

பேஸ்பாலில் ஒரு விதி உண்டு. ஒரே இன்னிங்ஸில் பயிற்றுநர் ஒரே பந்தெறிபவனிடம் இரண்டாவது தடவை போனால், அவன் வெளியேறியே ஆக வேண்டும். அடுத்த மட்டையாளர் வந்து நின்றதும் நான் மைதானத்துக்குள் இறங்கினேன். பின்னால் தலைமைப் பயிற்றுநர் கத்தினார். முன்னால் அவனும் கத்தினான்.

"அண்ணை, வராதேங்கோ! திரும்பிப் போங்கோ!"

போனேன். நடுவர் அவனை வெளியே அனுப்பினார். அவனுக்குப் பதிலாக வந்தவனின் மூன்றாவது பந்தை அவர்கள் வேலிக்கு அப்பால் அடித்தார்கள்; ஏற்கெனவே தளத்தில் நின்றவனும் ஓடி வர, இரண்டு ஓட்டம். தோற்றோம்.

ஆறு வாரம் கழித்துக் கழகக் கூட்டம். தலைவர் மிகவும் மரியாதையாக ஒரு வழி சொன்னார்: பயிற்றுநர் விதியை மறந்துவிட்டார் என்று அறிக்கையில் எழுதிவிடலாம், விஷயம் அத்தோடு முடிந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள். எவ்வளவு பெரிய மனசு! மறதிக்காரனை மன்னிப்பார்களாம். தெரிந்து செய்தவனைத்தான் பொறுக்க முடியாதாம்.

"மறக்கவில்லை. தெரிந்துதான் போனேன். அப்படியே எழுதுங்கள்" என்றேன்.

நான் விலக வேண்டும் என்பவர்கள் கையைத் தூக்கும்படி தலைவர் கேட்டார். ஒவ்வொரு கையாக எழும்பியது. இரண்டாம் வரிசையில் அந்தப் பிள்ளையும் தூக்கினான், என் முகத்தைப் பார்க்காமல். பந்தெறிகிற வலது கை. நெஞ்சு எரிந்தது. அந்த எரிச்சலுக்குள்ளும் என் கண் அவன் முழங்கைக்குத்தான் போனது. கை காதோடு ஒட்டி, மடங்காமல் முழுதாக நீண்டிருந்தது.