துரியோதனன் தொடை தட்டும் வரை

பெரியவளே, சின்னவனே,

பள்ளிக்கூடப் படிவத்தில் அப்பாவின் வேலை என்ற இடத்தில் பிரஸ் ஆபரேட்டர் என்று எழுதுகிறீர்கள். சரிதான். ஆனால் போன வாரம் பெரியவள், "அப்பா, நீ கூத்துக்காரங்களுக்கு சண்டை சொல்லிக் குடுத்தியாமே, நெசமா?" என்று கேட்டாள். நிஜம்தான். கூத்து நடந்த அன்று நீங்கள் அம்மாவோடு சாமல்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தீர்கள். நடந்ததை எழுதி வைக்கிறேன். பத்தாவது வரைக்கும் படித்தவன் எழுதுவது, தப்பிருந்தால் திருத்திப் படியுங்கள்.

என் லைனில் வேலை பார்ப்பவர் ஒருவருக்குப் பேரிகைப் பக்கம் சொந்த ஊர். அங்கே அம்மன் திருவிழாவில் பல வருஷமாகப் பீமன் வேஷம் அவருக்குத்தான். துரியோதனன் வேஷம் கட்டுவது அவர் மனைவியின் தம்பி. வீட்டில் பேசுவது தெலுங்கு, வேஷம் கட்டினால் தமிழ்.

கடைசி நாள் பகலில், திடலில் துரியோதனன் படுத்துக் கிடப்பதுபோல மண்ணால் பெரிய உருவம் செய்து வண்ணம் பூசியிருப்பார்கள். அதன் தொடைக்குள் சிவப்புத் தண்ணீர்ச் சட்டி ஒன்று புதைந்திருக்கும். வேஷக்காரர்கள் இருவரும் அந்த உருவத்தின் மேல் ஏறிச் சண்டை போடுவார்கள். முடிவில் பீமன் கதாயுதத்தால் மண் தொடையில் ஓங்கி அடிக்க, சிவப்பு பீறிட வேண்டும். பக்கத்தில் நிற்கும் மச்சான் அதற்குள் காலை நகர்த்திக்கொள்ள வேண்டும்.

நான் சொல்லிக் கொடுத்ததற்கு முந்தின வருஷம் மச்சான் நகர்த்துவதற்குள் அடி இறங்கிவிட்டது. முழங்கால் வீங்கி இரண்டு மாதம் நொண்டினார். அக்காக்காரி புருஷனுக்குச் சோறு போட்டாளே தவிரப் பேச்சில்லை. ஊர்ப் பெரியவர்களும் சொல்லிவிட்டார்கள்: இந்த வருஷம் ஒரு கீறல் விழுந்தாலும் பீமன் வேஷம் வேறு ஆளுக்கு.

கேன்டீனில் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார் என் லைன்காரர். "ணா, புது ஆளுங்களுக்கு கை வெட்டுப்படாம வேல கத்துத் தர்றியே, எனக்கும் சொல்லிக் குடேன். இந்த வேஷம் போச்சுன்னா ஊர்ல நான் எப்பிடி நடமாடறது?"

"கூத்தப் பத்தி எனக்கு என்னாய்யா தெரியும்?"

"கூத்து எனக்குத் தெரியும். காலு தப்பிக்கற வழியத்தான் கேக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஊருக்குப் போனேன். கோலமாவால் கோடு போட்டு, யார் எந்தக் கோட்டில் கால் வைப்பது என்று முடிவு செய்தேன். இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் எங்கள் பிரஸ்ஸில் புது டை, அதாவது அச்சு, மாட்டினால் முதலில் ஒரே அடியாக இறக்கிவிட மாட்டோம். இன்ச்சிங்கில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிப் பார்ப்போம். சண்டையையும் அப்படியே ஆக்கினேன். ஒரு வீச்சுக்கு நிமிஷக் கணக்கில் ஆனது. மச்சான் கேலி செய்தார்: "இந்த வேகத்துல அடிச்சா துரியோதனன் வயசாகித்தான் சாவான்ணா!"

அடிக்கும் நேரத்தைச் சொல்ல நான் விசில் வைத்துக்கொண்டேன். அங்கேதான் நான் தப்புச் செய்தேன். மூன்றாம் ஞாயிறு, வேகம் கூட்டி ஆடும்போது விசில் ஊதினேன். கதாயுதத்துக்குப் பதிலாகப் பழக வைத்திருந்த கோணிச் சுருணையை வீசினார் பீமன். இன்னும் கோட்டைத் தாண்டாத, போன வருஷம் அடிபட்ட அதே முழங்காலில் விழுந்தது. மச்சான் காலைப் பிடித்துக்கொண்டு கத்தினார்: "விசிலு உனக்கு, காலு எனக்கு! காலு நகந்துச்சா இல்லியான்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கோணிதான், காயமில்லை. ஆனால் கேள்வி நியாயமானது. பெரிய பிரஸ்ஸில் எதிரும் புதிருமாக இரண்டு பேர் நிற்போம். இரண்டு பேரும் அவரவர் பட்டனை அழுத்தினால்தான் மேலிருக்கிற பாரம் இறங்கும். ஒருத்தன் கை உள்ளே இருந்தால் இன்னொருத்தன் என்ன அழுத்தினாலும் அசையாது. இத்தனை வருஷம் அதில் நின்றவன், இங்கே பட்டனை வேடிக்கை பார்க்கிறவன் கையில் கொடுத்திருக்கிறேன்.

விசிலைத் தூக்கிப் போட்டேன். துரியோதனன் காலை நகர்த்தி ஊன்றிக்கொண்ட பிறகு, தன் தொடையைத் தானே தட்டிக் காட்ட வேண்டும். பார்ப்பவர்களுக்கு அது வீம்பு. பீமனுக்கு அதுதான் பட்டன். தட்டாமல் அடி கிடையாது.

பீமனுக்குப் பிடிக்கவில்லை. "அடி வாங்கறவன் உத்தரவு குடுக்க, அடிக்கறவன் காத்துக் கெடக்கணுமா? பீமன் மானம் என்னாவறது?"

"மாமா, போன வருசம் உன் மானம் என் முட்டியிலதான் எறங்குச்சு," என்றார் மச்சான். பீமன் சுருணையை எடுத்துக்கொண்டு தன் கோட்டில் போய் நின்றார்.

திருவிழா அன்று நல்ல வெயில். மண் உருவம் வெடிப்பு விட்டதால் யாரோ தண்ணீர் தெளித்துப் பூசியிருந்தார்கள். எங்களுக்குத் தெரியாது. சண்டை உச்சத்துக்கு வந்தது, மத்தளம் துரிதமானது, பீமன் கதாயுதத்தைத் தலைக்கு மேல் தூக்கினார். காலை நகர்த்தப் போன மச்சானின் பாதம் ஈர மண்ணில் புதைந்துகொண்டது. கிரீடம் சரிந்து கண்ணை மறைத்தது. தொடை தட்டவில்லை.

பீமன் தூக்கின கையோடு நின்றார். மத்தளக்காரர் அடிக்கான வாசிப்பை ஒருமுறை வாசித்தார், மறுபடி வாசித்தார். கூட்டம் சும்மா இருக்குமா?

"என்னாய்யா பீமா, கை மரத்துப் போச்சா?"

"மச்சானப் பாத்ததும் பாசம் பொங்குது பாரு!"

"எறக்கி வெச்சுட்டு டீ குடிச்சுட்டு வாய்யா!"

பீமனின் மனைவி முன் வரிசையில் சேலை முந்தானையை வாயில் கடித்துக்கொண்டு நின்றாள். ஊர்ப் பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.  அடியை இறக்கிவிட்டால் கேலி நின்றுவிடும். பீமன் இறக்கவில்லை. தூக்கிய கதாயுதத்தோடு மண் உருவத்தின் மேலேயே ஒரு சுற்று சுற்றிவந்து, ஊரே கேட்க முழங்கினார்:

"நேராக எழுந்து நில்லடா! நிலைகுலைந்தவனை அடிக்க வந்தவனல்ல இந்தப் பீமன்!"

அது நாங்கள் பேசி வைத்ததில்லை. அந்த இடத்தில் அவருக்கே வந்தது. கேலி அடங்கியது. பின்னாலிருந்து ஒரு விசில், அப்புறம் பத்து விசில். மச்சான் காலைப் பிடுங்கி, கிரீடத்தை நிமிர்த்தி, தள்ளி ஊன்றிக்கொண்டு, மாமனைப் பார்த்துப் பளீரென்று தொடையைத் தட்டினார்.

அடி இறங்கியது. சிவப்பு பீறிட்டது.

அக்காக்காரி ஓடிவந்து தம்பியின் முழங்காலைத் தடவிப் பார்த்தாள். "ஒண்ணும் ஆவலக்கா, உடு," என்றார் அவர். அவள் புருஷன் பக்கம் திரும்பி, "மோரு இருக்குது, குடிக்கறியா?" என்றாள். வருஷம் முழுக்கப் பேசாதவள் பேசிய முதல் பேச்சு. பெரியவர்களில் ஒருவர் பீமனின் தோளைத் தட்டி, "அடுத்த வருசமும் நீதான்யா," என்றார்.

என்னை யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க என்ன இருக்கிறது? ஆனால் பிள்ளைகளே, ஊரே அடி என்று கத்தும்போது ஒரு மனுஷன் அடிக்காமல் நின்றதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. கம்பெனியில் சிறந்த ஆபரேட்டர் என்று கொடுத்த கடிகாரம் கட்டியபோதுகூட நெஞ்சு இப்படி நிமிரவில்லை.

கூட்டம் சாப்பாட்டுப் பந்திக்கு நகர்ந்தது. நான் மட்டும் மண் உருவத்தின் பக்கம் போனேன். ஈர மண்ணில் கதாயுதம் விழுந்த குழியும், மச்சான் ஊன்றிய பாதமும் அப்படியே பதிந்திருந்தன. குனிந்து, கையை விரித்து, குழிக்கும் பாதத்துக்கும் நடுவே வைத்து அளந்தேன். ஒரு சாண், அதற்கு மேல் நாலு விரல். யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, இன்னொரு முறை அளந்தேன்.