அம்மனிடம் கேட்ட பல்

இப்போதும் கோமதி அம்மன் சந்நிதியில் நின்றால், என் நாக்கு தானாகவே வலது கீழ்க் கடைவாய்க்குப் போய்விடுகிறது. அங்கே ஒரு பல் இல்லை.

மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அது சொத்தையானது. எங்கள் வகுப்பில் சிரித்தால் பாதிப் பேர் வாயில் கறுப்புத் தெரியும். அதை நோய் என்று யாரும் நினைத்ததில்லை. "பால் பல்லுதானே, விழப்போற பல்லுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று சொல்லிவிட்டு அப்பா தறிக்குப் போய்விட்டார்.

ஒருநாள் கன்னம் வீங்கிவிட்டது. "ஏட்டி, வாயில என்ன, புளியங்குடி எலுமிச்சங்காயா?" என்று பக்கத்தில் இருந்த பிள்ளை கேட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் வலித்தது.

அம்மா கோயில் புற்றுமண்ணைக் குழைத்துக் கன்னத்தில் பூசினாள். துளி எடுத்துப் பல்லின் குழியிலும் அப்பினாள். வலி தீர்ந்தால் உரு போடுவதாக நேர்ந்துகொண்டாள். கண் நொந்தால் கண், கால் நொந்தால் கால் என்று வெள்ளித் தகட்டில் வாங்கி உண்டியலில் போடுவது எங்கள் வழக்கம்.

மறுநாள் வீக்கம் வடிந்தது. "பாத்தியா மக்கா, அம்மன் கைவிட மாட்டா" என்றாள்.

புற்றுமண்ணை நான் குறை சொல்லவில்லை. இன்றும் என் பிள்ளைகளின் நெற்றியில் இட்டுத்தான் வெளியே அனுப்புகிறேன். ஆனால் பல் உள்ளே அழுகிக்கொண்டே இருந்தது. ஆடித்தபசுக்குக் கொடியேறிய வாரம் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது, கண் திறக்க முடியாதபடி முகம் வீங்கியது. அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

ஊசி போட்டுக் காய்ச்சல் இறங்கிய பிறகு டாக்டரம்மா பல்லைப் பிடுங்கினார். அம்மா பயந்து பயந்து கேட்டாள். "பால் பல்லுதானே? திரும்ப முளைச்சிரும்லா?"

"இல்லம்மா. இது ஆறு வயசுல பின்னால தனியா முளைச்ச பல்லு. கடைசிவரைக்கும் இருக்கவேண்டியது. முன்னாலயே வந்திருந்தா அடைச்சிருக்கலாம்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் கவலையே இல்லை. டாக்டரம்மாவுக்குப் பிடுங்கத்தான் தெரியும், முளைக்க வைக்கிறவள் அம்மன் அல்லவா?

வாய் ஆறியதும் உரு வாங்கப் போனோம்.

"பல்லு இல்லியா அண்ணாச்சி?"

"பல்லுன்னு தனியா கிடையாதும்மா. முகத்தைப் போடுங்க. எந்தப் பல்லுன்னு அவளுக்குத் தெரியாதா?" என்றார் கடைக்காரர்.

அந்த வெள்ளி முகத்தின் வாய் மூடியிருந்தது. அம்மா அதை என் கன்னத்தில் ஒற்றி எடுத்து உண்டியலில் போட்டாள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "அம்மனே, அதே எடத்துல புதுப் பல்லு குடு" என்று சத்தமாகவே கேட்டேன்.

அம்மாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. என் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, "என்னய மன்னிச்சிரு, என்னய மன்னிச்சிரு" என்றாள்.

அம்மனிடம்தான் சொல்கிறாள் என்று நினைத்து, நானும் அவளோடு சேர்ந்து கைகூப்பினேன்.